காகிதச் சோழர்களுக்கு ஒரு முதுகு

மார்ச் 5, ஞாயிறு

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பம்பு கம்பெனி கொடுத்தது. ஆள் போனபிறகும் யாரோ மறக்காமல் ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதமாக பீரோ மேல் கிடந்தது. இன்றைக்கு வந்த எரிச்சலை யாரிடமும் கொட்ட முடியாததால் எடுத்திருக்கிறேன்.

கருணாகரன் அண்ணாவும் சபியும் வழக்கம்போல வந்தார்கள். அண்ணா இவரோடு ஒரே கம்பெனியில் இருந்து ரிடையர் ஆனவர். சபியுல்லா டவுன்ஹால் பக்கம் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறான். கூடத்தில் மாட்டியிருக்கும் இவர் படத்துக்குப் பிரேம் போட்டதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் போர் நடத்துவார்கள். கட்டைவிரல் உயரத்துக்குக் காகிதச் சிப்பாய்கள், அட்டையில் செய்த குன்று, நீலத் துணியில் ஆறு. ஸ்கேலால் அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி யார் விழுந்தார் என்று பார்க்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கூத்து. இப்போது இரண்டு பேராக வருகிறார்கள். முதலில் துக்கத்துக்கு வந்தார்கள், அப்புறம் அப்படியே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படியோ ஒரு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கிவிடுகிறேன். வீணாகப் போகக் கூடாதே என்று அவர்களுக்குக் காபி போடுகிறேன்.

"அம்மிணி, மே மாசம் வந்தா பூபதி போயி ஒரு வருசம் ஆகுது" என்று அண்ணா ஆரம்பித்தார். "அன்னிக்கு தக்கோலத்தை வெச்சுப்போடலாமா?"

தக்கோலம் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சண்டை. சோழர்கள் ராஷ்டிரகூடர்களிடம் தோற்றார்கள். சோழ இளவரசர் யானை மேலேயே செத்துப்போனார். இவருக்கு அது ஏதோ சொந்தக்காரர் வீட்டு இழவு. ஒரு தடவையாவது மேஜையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ராஷ்டிரகூடப் படையை முடித்துவிட்டார். சோழப் படையையும் வரைந்துவிட்டார், முன்பக்கம் மட்டும். அதற்குள் ஆஸ்பத்திரி.

பின்பக்கம் என் வேலை. எப்போதுமே என் வேலைதான். முகம், மார்பு, கையில் வாள் எல்லாம் அவர் வரைவார். அதே ஆளின் முதுகை நான் வரைவேன். ஒரே தாளில் இரண்டும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அச்சாகும். நடுவில் மடித்து ஒட்டி, ஓரம் வெட்டி, அடியில் அட்டை வைத்தால் ஆள் நிற்பான்.

"நீங்க முடிச்சுக் குடுத்தா நல்லா இருக்குங்க்கா" என்றான் சபி.

சரி என்றேன். ஆனால் தக்கோலம் முடிந்த அன்றைக்கே, இழுத்து நீட்டும் இந்த மேஜையைச் சுருக்கிவிடுவேன், பெட்டிகளை எல்லாம் சபி கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொன்னேன். ஒருத்தி சாப்பிடுவதற்கு இத்தனை பெரிய மேஜை எதற்கு? அண்ணா காபியை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதுதான் எரிச்சல்.


மார்ச் 8, புதன்

நான் வேலை பார்க்கும் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் முகூர்த்தக் கூட்டம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய், மாமன் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். மறுபடி அச்சு. பெட்டியைத் திறக்க நேரமில்லை.


மார்ச் 12, ஞாயிறு

திறந்தேன்.

காலாட்கள், வில்லாளிகள், குதிரைகள், யானைகள் என்று தாள் தாளாக வரைந்து வைத்திருக்கிறார். முகங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், சாதம் குழைந்துபோய்விட்டது. இவருக்கு முகம் கற்பனையில் வராது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் பிடித்து வருவார். சோழ வில்லாளிகளில் ஒருவன் எழுபதாம் நம்பர் பஸ் கண்டக்டர், அதே முறைப்பு. வேல் பிடித்தவர்களின் தலைவர் கம்பெனி மேனேஜர், இரட்டைத் தாடையோடு. ஒருத்தனுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. இவர் பல் டாக்டர் வீட்டில் காத்திருந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளாம், எனக்கு அப்போதே சொன்னார். யானைப்பாகன் சாட்சாத் கருணாகரன் அண்ணா. தன்னை மட்டும் எங்கேயும் வரைந்துகொள்ளவில்லை. முன்பெல்லாம் கேட்டால், "என்ற மூஞ்சி சண்டைக்கு ஆகாது ராணி" என்பார்.

பென்சிலை எடுத்தேன். முதல் ஆளுக்கு முதுகு வரவில்லை. சும்மா ஒரு கோடு போட்டேன், அழித்தேன். தாள் நைந்துபோனதுதான் மிச்சம்.


மார்ச் 19, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அண்ணா கேட்டதற்கு, "ஆகிட்டு இருக்குதுங்ணா" என்று பொய் சொன்னேன்.

எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் கம்பெனியில் மெஷின் பொருத்த வந்த ஒரு ஜெர்மன்காரர், தங்கியிருந்த லாட்ஜ் அறையில் ஈயச் சிப்பாய்களை வைத்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாராம். இவர் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாள் அதே பேச்சு. ஈயத்துக்கு எங்கே போவது? வீட்டில் கிடைத்தது காகிதம். நான் பத்திரிகைக் கடையில் இருக்கிறேன், அட்டைக்குப் பஞ்சமில்லை.

முதல் படை பீளமேட்டு வாடகை வீட்டில் நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, ஃபேன் போட்டதும் இரண்டு பக்கப் படையும் செத்தது. ஃபேனை நிறுத்திவிட்டு, மூன்று ஆண்கள் பனியனோடு வேர்த்து வழிந்துகொண்டு விளையாடினார்கள். ஃபேன் காற்றில் விழுந்தவன் சாகவில்லை, கைபட்டு விழுந்தவன் செத்தான் என்று ஒரு சட்டம் வேறு. கைபட்டதா காற்றா என்று சண்டை. அப்புறம் இவர் கம்பெனியில் தேய்ந்துபோன வாஷர்களைக் கொண்டுவந்தார். அட்டைக்கு நடுவே வாஷரை வைத்து ஒட்டினேன். அதற்குப் பிறகு ஃபேன் இரண்டில் ஓடினால் தாங்கினார்கள்.

அடியில் வைக்கும் அட்டை எல்லாம் கடையில் மிச்சமான பத்திரிகைகள். ஒரு குதிரைப்படையைத் தலைகீழாகத் திருப்பினால் 'தங்கள் நல்வரவை' என்று பொன்னெழுத்தில் இருக்கும். மேலே பசை தடவி, சலித்த மணலைத் தூவி, காய்ந்தபிறகு டீத்தூள் சக்கையைக் காயவைத்துத் தூவினால் நல்ல கரிசல் மண் கிடைக்கும். மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றினால் புல். எல்லா அட்டையும் ஒரே அளவு இருந்தே ஆக வேண்டும். ஒன்று அகலமாகப் போனால் வரிசை வளைந்து, சண்டைக்கு முன்னாலேயே சண்டை வந்துவிடும். அட்டையில் பெயர் எழுதக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். எழுதினால் படை ஆபீஸ் பைல் ஆகிவிடுமாம். எந்த ஆள் எந்தக் கூட்டம் என்று இடுப்புத் துணியின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் படைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே படத்தையே ஒட்டியிருந்தார். கருணாகரன் அண்ணா குனிந்து பார்த்துவிட்டு, "ஏப்பா பூபதி, இவனுக்குப் பொடனியிலயும் மூஞ்சி இருக்குது. வர்றானா ஓடறானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அன்றைக்கு சாயந்திரம் நான்தான் ஒரு முதுகு வரைந்து கொடுத்தேன். அப்படி மாட்டிக்கொண்டேன்.

அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த முதுகுகளைப் பார்த்து நல்லா இருக்குது என்று என்னிடம் அவர் சொன்னதில்லை. இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.


மார்ச் 21, செவ்வாய்

இன்னொன்றும் உண்டு. பெங்களூரில் இருந்து ஒரு பையன் வந்தான், இந்த விளையாட்டுக்காரர்களுக்காக இணையத்தில் எழுதுகிறவன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று நூறு போட்டோ எடுத்தான். எல்லாம் முகங்கள். "பின்னால யார் சார் வரைஞ்சது?" என்று கேட்டான். இவர், "அது வீட்ல பண்ணது" என்றார். இட்லிக்குச் சொல்கிற மாதிரி.

நான் அப்போது வடை போட்டுக்கொண்டிருந்தேன். வடைக்கு மட்டும் அந்தப் பையன் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.


மார்ச் 26, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். பின்பக்கம் வெறும் கறுப்பு.

சபிதான் சொன்னான். "வெளிநாட்டுல நெறைய பேரு அப்படித்தாங்க்கா விட்டுர்றாங்க. பின்னால ஒரு கறுப்பு நெழலு. உங்களுக்கும் வேலை மிச்சம்."

"மொகந்தானே முக்கியம்?" என்று கேட்டேன்.

"அதானே அம்மிணி" என்றார் அண்ணா.

சரிதான். யார் பார்க்கப்போகிறார்கள்? நாளைக்குக் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிக் கறுப்பை நிரப்பிவிட்டால் போதும். மாற்ற மறந்தால் முன்னால் இருக்கும் வேலும் பின்னால் இருக்கும் வேலும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தப்பை ஒரு தடவை செய்து ஒரு யானைக்கு இரண்டு தும்பிக்கை வந்துவிட்டது. வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நிம்மதி.


ஏப்ரல் 2, ஞாயிறு

மடித்தேன், ஒட்டினேன், வெட்டினேன். நன்றாகக் கனத்த தாள், மடிப்பில் முதலில் எழுதாத பேனாவால் அழுத்திக் கோடு போடாவிட்டால் மை உடைந்துவிடும். வெட்டும்போது காதுக்கும் வேலுக்கும் நடுவே இருக்கும் சந்து கஷ்டம். அந்த இடத்தில் இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், வெட்டி முடித்ததும் ஊதுவார். நான் அப்படி எல்லாம் செய்வதில்லை என்று நினைத்திருந்தேன். இன்றைக்குக் கவனித்தேன், நானும் ஊதுகிறேன்.

வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தை ஒரு சுற்று சுற்றினால்தான் படம் ஆளாக மாறும். விரலெல்லாம் கறுப்பு. கோலப்பொடி டப்பா என்று நினைத்து மணல் டப்பாவை எடுத்துப்போய் வாசலில் பாதிக் கோலம் போட்டுவிட்டேன்.


ஏப்ரல் 9, ஞாயிறு

இன்று ஒத்திகை. சோழப் படையை முதல் முறையாக மேஜையில் நிறுத்தினோம். சபிக்கு நோன்பு, அவன் காபியையும் சேர்த்து அண்ணாவே குடித்தார்.

சோழர்களை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது அண்ணா கொஞ்சம் தயங்கி, "அவன் சேர்ல உக்காந்துக்கட்டுமா அம்மிணி?" என்றார். உட்காருங்கள் என்றேன். இவர் எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்வார், வெளிச்சம் படை மேல் விழும் என்று. அண்ணா அங்கே. சபி எதிரில் ராஷ்டிரகூடர்களோடு. நான் அடுப்படியில், வழக்கம்போல.

கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் மறுபடியும். பலகாரத் தட்டோடு வெளியே வந்தால், அண்ணா எழுந்து மேஜையைச் சுற்றிச் சபி பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்காருகிறார். ஒரு கூட்டத்தை நகர்த்துகிறார். மறுபடி எழுந்திருக்கிறார். முட்டி வலிக்காரர்.

"ஏனுங்ணா, என்ன பிரதட்சணம்?"

"ஒண்ணும் தெரியறதில்ல அம்மிணி. வில்லுக்காரன் எவன், வேலுக்காரன் எவன், எந்தக் கூட்டம் எங்க நிக்குதுன்னு ஒரே கறுப்பா இருக்குது. அக்கட்ட போனாத்தான் மொகமும் இடுப்புத் துணியும் தெரியுது."

"மொகந்தான் இருக்குதுங்களே."

"அது அவனுக்கில்ல தெரியும்?" என்று சபியைக் காட்டினார். "நம்ம ஆளுங்க மொகம் எதிரிக்குத்தான். நமக்குத் தெரியறது முதுகு மட்டுந்தானே அம்மிணி!"

தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

சபியும் அப்போதுதான் யோசித்தவன் மாதிரி, "நான் சொன்னது தப்பாப் போச்சுங்க்கா. உங்க முதுகுகளைப் பாத்தே வெளையாடிட்டு இருந்தோம், அதனால அதை நெனச்சே பாக்கல" என்றான்.

அண்ணா சிரித்தார். "பூபதி ஆளுங்களைத் திருப்பவே மாட்டான், ஞாபகம் இருக்குதா சபி? பின்வாங்கற கூட்டத்தைத் திருப்பி வெக்கோணும்னு சட்டம். இவன் மட்டும் திருப்பாம அப்படியே பின்னால இழுத்துக்குவான். ஏப்பா இப்படிப் பண்றேன்னா, இப்படிப் பாக்கத்தான் நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடுவான். ஒரு நாளா ரெண்டு நாளா, அதுக்கு எத்தனை சண்டை போட்டிருக்கறோம்."

"அப்படியா சொல்வாரு?" என்றேன்.

"எப்பவும் அதே பேச்சுதான்" என்றார் அண்ணா.

ஒத்திகையை நடுவிலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.


ஏப்ரல் 10, திங்கள்

கடைக்கு லீவு சொன்னேன். காலையில் பழைய பெட்டிகளை எல்லாம் இறக்கி, ஒரு படையை அப்படியே மேஜையில் நிறுத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு முருங்கைக்கீரைகூட ஆய்ந்ததில்லை.

எல்லாம் என் படங்கள்.

வரிசை வரிசையாக நான் வரைந்த முதுகுகள். எனக்கு வேலை அலுக்கும்போது ஒவ்வொருத்தனுக்கும் ஏதாவது விஷமம் செய்து வைப்பேன். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் முறுக்கை ஒளித்துவைத்திருப்பான். ஒருத்தன் வேட்டியில் கிழிசலை ஒட்டுப்போட்டிருப்பான், ஒட்டுத்துணி என் பழைய புடவைப் பூ. ஒரு தளபதியின் முதுகில் வேர்க்குரு. குதிரைக்காரன் ஒருத்தன் கொண்டையில் பேனாவைச் செருகியிருப்பான், ஏன் என்று எனக்கே தெரியாது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் செய்தவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுப்படியில் இருக்கும்போது, ஆட்டத்தின் நடுவே இவர் மட்டும் தனியாகச் சிரிப்பது கேட்கும். மற்ற இரண்டு பேரும், "என்னப்பா?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்பார். பகடை நல்லதாக விழுந்திருக்கும் போல என்று நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முறுக்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுதேன். சத்தமாகவே அழுதேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க? அழுது முடித்தும் அந்த நாற்காலியிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகிறது.


ஏப்ரல் 13, வியாழன்

கறுப்பு முதுகை உரித்து எடுக்கப் பார்த்தேன், முகமும் சேர்ந்து வந்தது. புதிதாகத்தான் அச்சடிக்க வேண்டும். அதற்கு முன்னால் முதுகுகள் வேண்டும்.

இவர் முகம் தேடிப் போன மாதிரி நான் முதுகு தேடிப் போகிறேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காருகிறேன். ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன். ஒரு பெரியவர் திரும்பி, "முன்னால போறதுன்னா போம்மா" என்றார். "இல்லீங்க, நீங்க நில்லுங்க" என்றேன். கண்டக்டருக்கு உண்மையான முதுகையே பிடித்துவிட்டேன், இன்னும் எழுபதிலேயே இருக்கிறார். காக்கிச் சட்டையில் வேர்வை வட்டம். சோழ வில்லாளிக்குச் சட்டை கிடையாது என்பதால் வேர்வையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.


ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று ரம்ஜான். சபி பிரியாணி கொண்டுவந்தான், ஒரு குடும்பத்துக்குக் காணும். மேஜை நிறைய தாள் காய்ந்துகொண்டிருந்ததால் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

யானைக்குப் பின்பக்கம் வரைவது இத்தனை சிரமம் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு தடவை வரைந்தும் பூசணிக்காய்க்கு வால் முளைத்த மாதிரியே வருகிறது. மருதமலை ரோட்டில் ஒரு யானை வரும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அது முன்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு லாரியில் ஏறிப்போய்விட்டது.


மே 7, ஞாயிறு

முதுகுகள் எல்லாம் முடிந்தன. தாளை சபியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அக்கா, எல்லாரும் பூபதி அண்ணன் மாதிரியே நிக்கறாங்க."

"என்ன உளர்றே?"

"எடது தோளு பாருங்க. எல்லாருக்கும் எறங்கியிருக்குது."

கம்பெனியில் இருபத்தேழு வருடம் வரைபலகை மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதில் இவருக்கு இடது தோள் இறங்கிவிட்டது. தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போதெல்லாம், "நேரா நில்லுங்க சார்" என்பார். பார்த்தேன். வேல்காரன், வாள்காரன், கொடிக்காரன், அந்தக் கண்டக்டர்கூட. பஸ்ஸில் இருந்து, வரிசையில் இருந்து ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்த்து வரைந்ததுதான். எப்படியோ கை அப்படிப் போயிருக்கிறது. கையெழுத்து மாதிரி அதுவும் பழக்கமாக இருக்கும், வேறொன்றும் இல்லை.

திருத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க்கா" என்றான் சபி.


மே 14, ஞாயிறு

ஒட்டி முடித்து, மணல் தூவி, வாஷர் வைத்து, பெட்டியில் அடுக்கியாயிற்று. டீத்தூள் சக்கை போதாமல் அண்ணா வீட்டில் இருந்தும் வாங்கினேன். இளவரசரின் யானைக்கு மட்டும் வால் ஒரு பக்கமாக வீசியிருக்கிறது. போரில் யானை வாலை ஆட்டாதா என்ன.


மே 21, ஞாயிறு

திதி பத்து நாள் முன்னாலேயே வந்து போயிற்று. சாமி கும்பிட்டு, சோறு வைத்து, சொந்தக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். இன்றைக்குத் தேதி. இது இவர்கள் கணக்கு.

மத்தியானம் இரண்டு பேரும் குளித்து, அயர்ன் பண்ணின சட்டையில் வந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. மேஜையை முழு நீளத்துக்கு இழுத்தோம். பச்சைத் துணி, குன்று, ஆறு. ஃபேன் இரண்டில். சோழர்களை ஜன்னல் பக்கம் நிறுத்தியதும் அண்ணா நாற்காலியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ உக்காரு அம்மிணி. உன்ற படை."

"இல்லீங்ணா, நீங்க உக்காருங்க. நான் அக்கட்ட உக்காந்துக்கறேன்."

"அது எதிரி பக்கமல்லோ?"

"தெரியுங்."

அண்ணாவுக்குப் புரியவில்லை. சபிக்குப் புரிந்ததோ என்னவோ, எனக்காக எதிர்ப்பக்க நாற்காலியை இழுத்துப்போட்டான். தானே நடுவர், பகடை உருட்டும்போது கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறேன் என்றான். சட்டங்களை மூன்று தடவை விளக்கினான். இருபது வருடம் அடுப்படியில் இருந்து கேட்டதில் பாதி எனக்கே தெரிந்திருந்தது.

உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

என் பக்கத்தில் ராஷ்டிரகூடர்கள், நான் முன்பு வரைந்த முதுகுகளோடு. அவர்கள் தலைக்கு மேலே, மேஜையின் அந்தக் கோடியில், இவர் வரைந்த அத்தனை முகமும் என்னைப் பார்த்து நின்றது. இந்த முகங்களைத் தாளில் படுத்தவாக்கில் பார்த்திருக்கிறேன், மடிக்கும்போது பார்த்திருக்கிறேன், அவை எழுந்து நின்று பார்த்ததில்லை. கண்டக்டர் முறைத்தார். மேனேஜர் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வீங்கிய கன்னக்காரன் இன்னும் வலியில்தான் இருந்தான். யானை மேல் ஒரு கருணாகரன் அண்ணா, யானைக்குப் பின்னால் நாற்காலியில் நிஜக் கருணாகரன் அண்ணா. இவர் பஸ் ஸ்டாண்டில் நின்று, டீக்கடையில் நின்று, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பார்த்த ஊர் முழுவதும் அங்கே இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. அண்ணா அளந்து அளந்து நகர்த்தினார். ஒருமுறைகூட எழுந்து சுற்றி வரவில்லை. நடுவில் ஒரு தடவை படையைப் பார்த்தபடியே கையை எடுக்காமல் இருந்தார். "அவனைப் பின்னால இருந்து பாக்கற மாதிரியே இருக்குது அம்மிணி" என்று மெதுவாகச் சொன்னார். நான் பகடையைக் குலுக்கினேன்.

சோழர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். என் வில்லாளிகள் குன்றின் மேல் தயாராக நின்றார்கள். குன்று என் கையில் இருந்தால் ஜெயித்த மாதிரிதான் என்று எனக்கே தெரிந்தது.

"அக்கா, அம்பு விடற நேரம்" என்றான் சபி. "முன் வரிசை மொத்தமும் விழுந்துரும்."

விழுந்தவர்களை மேஜையில் இருந்து எடுத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

"கிட்ட வரட்டும்" என்றேன்.

"இன்னொரு தடவ நகந்தா குன்று மேல ஏறிருவாங்கக்கா. அப்பறம் உங்க படை தாங்காது."

"வரட்டும் சபி."

வந்தார்கள். மேனேஜர் குன்றில் ஏறினார். கண்டக்டர் என் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார். மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல அத்தனை பக்கத்தில். அவர் புருவத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு. பேனா நின்று யோசித்துவிட்டுப் போன கோடு. அந்தக் கோட்டை இவர் போட்ட நாள் நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நன்றாகவே தோற்றேன். அண்ணாவுக்கு ஜெயித்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, சோழர்களுக்காகவா வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. காபி குடித்து முடித்து, பெட்டிகளை எடுத்து வைத்தபிறகு, அவரே தயக்கத்தோடு, "மேஜையைச் சுருக்கிப்போடட்டுமா அம்மிணி?" என்றார்.

அப்படியே இருக்கட்டும், அடுத்த ஞாயிறும் சோழர்களை நீங்களே நடத்துங்கள், எனக்கு இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.